ஒன்றேகால் மில்லிமீட்டர்

புதிதாக கேமரா வாங்கப் போகிற யாருக்கும் கடையில் முதலில் கிடைக்கும் உபதேசம் இது: “இது கிராப் பாடி சார். அம்பது எம்.எம். லென்ஸ் போட்டீங்கன்னா எழுபத்தஞ்சாயிடும், பாத்துக்கங்க.” சொல்கிறவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். காசை வீணாக்காமல் இருக்க அந்த வாக்கியம் உதவும். ஆனால் அந்த வாக்கியம் தப்பு. லென்ஸ் எதுவாகவும் ஆவதில்லை. ஐம்பது ஐம்பதாகவே இருக்கிறது. அதற்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதே அதற்குத் தெரியாது.

டூரிங் கொட்டகையை நினைத்துக்கொள்ளுங்கள். பார்த்திருக்காவிட்டாலும் கேள்விப்பட்டிருப்பீர்கள். புரொஜெக்டரை நகர்த்தவில்லை, லென்ஸை மாற்றவில்லை. திரையை மட்டும் அவிழ்த்துவிட்டு, பாதி அளவு திரையை அதே இடத்தில் கட்டுகிறீர்கள். படம் சுருங்காது. நடுவில் உள்ள பகுதி மட்டும் திரையில் விழும். கதாநாயகனின் முகம் இருக்கும். ஓரத்தில் நிற்கிற நண்பன் பின்னால் இருக்கிற வேப்பமரத்தின் மேல் விழுவான். ஒளி அவனை அனுப்பத்தான் செய்கிறது. வாங்கிக்கொள்ளத் துணி இல்லை.

கேமராவுக்குள்ளும் இதே கதைதான். லென்ஸ் வரைவது ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் ஒரு செவ்வகத்தை வைக்கிறோம். 36க்கு 24 மி.மீ. செவ்வகம் என்றால் 50 எம்.எம். லென்ஸில் பக்கவாட்டில் சுமார் 40 டிகிரி கிடைக்கும். என்னிடம் இருக்கும் பழைய நிக்கான் டி7000இன் சென்சார் 23.6க்கு 15.6 மி.மீ. அதே லென்ஸ், அதே இடம்; சுமார் 27 டிகிரிதான் மிஞ்சும். பெரிய செவ்வகத்தில் அந்த 27 டிகிரி கிடைக்க வேண்டுமென்றால் 75 எம்.எம். லென்ஸ் தேவைப்படும். கடைக்காரர் சொல்லவந்தது அவ்வளவுதான். போனில் இருக்கும் முக்கிய லென்ஸின் குவிய தூரம் பெரும்பாலும் பத்து மி.மீ.கூட இருக்காது. ஆனால் அது எழுபது டிகிரிக்கு மேல் பார்க்கிறது. சுண்டுவிரல் நகத்தளவு சென்சாருக்குச் சுண்டுவிரல் நகத்தளவு லென்ஸ். (பின்னணி மங்கல், நாய்ஸ் பற்றியெல்லாம் சண்டை போட ஆசைப்படுகிறவர்கள் மன்னிக்கவும். இந்தக் கட்டுரையில் அதற்கு இடமில்லை.)

தமிழில் எழுதும்போது ஒரு வசதி உண்டு. படத்தை வாங்குகிற கருவியும் சென்சார்தான், படத்தை வெட்டுகிற வாரியமும் சென்சார்தான். ஆங்கிலத்தில் வேறு வேறு எழுத்து. நம் எழுத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. சில நாட்களில் நம் எழுத்துதான் சரி என்று தோன்றும்.

36க்கு 24 என்கிற அளவுக்குப் பெயர் ஃபுல் ஃப்ரேம். முழுச் சட்டகம். இந்த ‘முழு’ எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் சிரிப்பு வரும். ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரத்தில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்நாக்குக்கு ஆஸ்துமா. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டு கேமராவைத் தூக்கிக்கொண்டு மலையேற முடியவில்லை. சினிமாச் சுருளைப் போட்டு ஒரு சின்னக் கேமரா செய்துபார்த்தார். சினிமாவின் ஒரு சட்டகம் 18க்கு 24 மி.மீ. சுருளைப் படுக்கவைத்து ஓட்டி, இரண்டு சட்டகங்களைச் சேர்த்து ஒன்றாக்கினார். 36க்கு 24. அந்த கேமரா 1925இல் லைப்ஸிக் சந்தையில் லைக்கா என்ற பெயரில் வெளிவந்தது. பெரிய தகட்டில் படமெடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது தபால்தலை மாதிரி இருந்திருக்கும். பிறகு டிஜிட்டல் வந்தபோது அந்த அளவுக்கு சிலிக்கான் வெட்டுவது கட்டுப்படியாகவில்லை என்பதால் சின்ன சென்சார்கள் வந்தன. அவற்றோடு ஒப்பிட்டதும் பார்நாக்கின் தபால்தலை ‘முழு’ ஆகிவிட்டது. மூச்சிரைப்புள்ள ஒரு மனிதரின் சௌகரியம் நமக்கு முழுமையின் அளவுகோல்.

இந்த இடத்தில் நம் தலைமுறைக்குப் பிடித்த ஒரு முடிவுக்குத் தாவிவிடலாம். எந்தச் சட்டகமும் முழுமை இல்லை, எல்லாச் சட்டகமும் எதையோ வெட்டுகிறது, ஆகவே எல்லாப் படமும் பொய். இலக்கியக் கூட்டங்களில் டீ குடிக்கும்போது இதைக் கேட்காமல் வந்ததில்லை. எனக்கு இது சோம்பேறித்தனமான முடிவாகப் படுகிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெருவின் ஒரு துண்டுதான் தெரியும். அதனால் ஜன்னல் பொய் சொல்கிறது என்று யாரும் சொல்வதில்லை. “தெருவில் வேறு யாருமே இல்லை” என்று நான் சொன்னால்தான் பொய் ஆரம்பிக்கிறது.

இந்த வாதம் ஒளியியலைப் பாதியோடு நிறுத்திவிடுகிறது என்பதுதான் என் பெரிய புகார். சென்சாரின் அளவு தீர்மானிப்பது ஒன்றே ஒன்றை: எவ்வளவு உள்ளே வரும் என்பதை. உள்ளே வந்தவை ஒன்றுக்கொன்று எவ்வளவு பக்கத்தில், எவ்வளவு தள்ளி நிற்பதாகத் தெரியும் என்பதில் அதற்கு எந்தப் பங்கும் இல்லை. லென்ஸுக்கும் இல்லை. அதைத் தீர்மானிப்பது நம் கால்.

நம்பிக்கை இல்லையென்றால் மூன்று டம்ளரை எடுங்கள். ஒரு நீள மேசையில் ஓர் அடிக்கு ஒன்றாக வரிசையாக வையுங்கள். முதல் டம்ளருக்கு ஓர் அடி முன்னால் போனை வைத்து ஒரு படம். முதல் டம்ளர் மூன்றாவதைவிட மூன்று மடங்கு பெரிதாக, தனியாக நிற்கும். இப்போது பத்தடி பின்னால் போய், ஜூம் பண்ணி இன்னொரு படம். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவில், ஒட்டிக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். “டெலி லென்ஸ் நெருக்கிக் காட்டும்” என்று பாடப்புத்தகமே சொல்லும். கடைசியாக ஒன்று செய்யுங்கள். அதே பத்தடியில் நின்று, ஜூம் பண்ணாமல் எடுத்து, பிறகு நடுவில் உள்ள டம்ளர்களை மட்டும் கிராப் பண்ணிப் பாருங்கள. புள்ளிகள் உடையும், ஆனால் படம் அதேதான். நெருக்கியது லென்ஸ் இல்லை. நீங்கள் பத்தடி தள்ளிப் போனதுதான்.

2020 ஏப்ரலில் இது திடீரென்று ஊர்ப் பிரச்சினை ஆனது. எல்லா நாட்டிலும் செய்தித்தாள்களில் கூட்டத்தின் படங்கள். கடை வாசலில், கடற்கரையில், ஒருவர் மேல் ஒருவர் ஏறி நிற்பதுபோல. மக்களுக்குப் பொறுப்பே இல்லை என்று கீழே வசவுகள். டென்மார்க்கின் ரிட்ஸாவ் ஸ்கேன்பிக்ஸ் என்ற செய்திப்பட நிறுவனத்துக்காக இரண்டு புகைப்படக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். கோபன்ஹேகனில் ஒரே வரிசையை, ஒரே ஆட்களை, தூரத்திலிருந்து டெலி லென்ஸிலும் வேறு இடத்திலிருந்து அகல லென்ஸிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஒன்றில் மூச்சு முட்டும் கூட்டம். இன்னொன்றில் இடைவெளி விட்டு, சமர்த்தாக நிற்கும் மனிதர்கள். ஒரு புள்ளிகூட மாற்றப்படவில்லை. இரண்டு படமும் நிஜம். அதன் கீழே “நெருக்கியடித்து நிற்கிறார்கள்” என்று எழுதினால் அந்த வரி பொய். அந்தப் பொய்யின் மூலம் புகைப்படக்காரர் வெட்டியதில் இல்லை, தூரத்தில் நின்றதில் இருக்கிறது. தூரத்தில் நிற்கிறவனுக்கு முன்னால் இருக்கிறவர்கள் எல்லோரும் ஒரே கும்பல்.

ஆக, ஒரு படத்தை நோக்கி இரண்டு தனித்தனிக் கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது. எதை வெளியே விட்டாய்? எங்கே நின்றாய்? முதல் கேள்வியைத்தான் நாம் ஓயாமல் கேட்கிறோம். அதற்குப் பதில் வேறு ஒரு சட்டகத்திலாவது கிடைத்துவிடலாம். இரண்டாவது அப்படியில்லை. எடுத்த பிறகு எவ்வளவு வெட்டினாலும் நின்ற இடம் மாறாது.

வியட்நாமின் டிராங் பாங் கிராமத்துச் சாலையில் 1972 ஜூன் 8 அன்று எடுக்கப்பட்ட படம் எல்லோருக்கும் தெரியும். நேபாம் குண்டில் உடை எரிந்துபோய் ஓடிவரும் ஒன்பது வயது கிம் ஃபுக். உலகம் அதிகம் பார்த்த வடிவம் வெட்டப்பட்டது. முழு நெகட்டிவில் வலது ஓரத்தில் இன்னொரு புகைப்படக்காரர் இருக்கிறார், குனிந்து தன் கேமராவில் எதையோ செய்துகொண்டு. அவரை வெட்டியது தப்பா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே பத்திரிகைக்காரர்கள் யாருமில்லை என்று அந்தப் படம் சொல்லவில்லை. குழந்தைகள் எரிந்துகொண்டு ஓடிவருகிறார்கள் என்று சொல்கிறது. அது உண்மை. ஆனால் முழுப் படத்தைப் பார்த்த பிறகு நான் கொஞ்சம் வேறு ஆளாகத்தான் அதைப் பார்க்கிறேன். அந்தக் குனிந்த தலை ஏதோ ஒருவகையில் என் தலை.

ஐம்பது வருடம் கழித்து அந்தப் படத்தின் மேல் வந்திருக்கும் வழக்கோ வெட்டியதைப் பற்றியதே இல்லை. அதை எடுத்தது நிக் உட் இல்லை, நுயென் தான் நே என்ற இன்னொருவர் என்று 2025இல் ஓர் ஆவணப்படம் சொன்னது. ஏ.பி. நிறுவனம் விசாரித்துவிட்டு நிக் உட்டின் பெயரை வைத்துக்கொண்டது. வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ அவர் பெயரை நிறுத்திவைத்தது. யார் பக்கம் உண்மை என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு அருகதை இல்லை. என்னைப் பிடித்து நிறுத்தியது விசாரணை நடந்த விதம். அந்தச் சாலையில் யார் எந்த நிமிடத்தில் எங்கே நின்றார்கள், எந்த கேமரா, எவ்வளவு தூரம் என்று அளந்துபார்க்கிறார்கள். படத்துக்குள் இல்லாத ஒரே ஆள் எடுத்தவர். ஆனால் படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளும் அவர் நின்ற இடத்தை விரல் நீட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறது.

இனி என் குடும்பத்துப் படம். இது யாருக்கும் தெரியாத படம்.

1993 பொங்கல். தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் ஊர். சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறார், கழுத்தில் நிக்கான் எஃப்எம்2, அதில் ஐம்பது எம்.எம். லென்ஸ். தெருவில் நின்றுகொண்டு மொத்தக் குடும்பத்தையும் திண்ணையில் உட்காரவைத்து எடுத்த படம். நான் அப்பாயி மடியில், மூன்று வயது, மொட்டைத் தலை. அஞ்சுக்கு ஏழில் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, எங்கள் வீட்டுக் கூடத்தில் முப்பது வருஷமாகத் தொங்குகிறது.

சித்தப்பாவின் பழைய நெகட்டிவ்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையைப் போன வருடம் எடுத்துக்கொண்டேன். ஸ்கேனரோடு வருகிற பிளாஸ்டிக் சட்டம் நெகட்டிவின் ஓரத்தைக் கொஞ்சம் மறைக்கும். அது எரிச்சலாக இருந்ததால் நெகட்டிவை நேராகக் கண்ணாடி மேல் வைத்து ஸ்கேன் செய்தேன். பொங்கல் படத்தின் இடது ஓரத்தில், வீட்டுக்குப் பக்கத்துச் சந்து முனையில், ஒரு பெண் நிற்கிறார். பாதி முகம். ஒரு கண். ஒரு தோள். இடுப்பில் வைத்த கூடையின் விளிம்பு. மீதியை ஃபிலிமின் விளிம்பு வெட்டிவிட்டது. கூடத்தில் தொங்கும் படத்தில் அவர் அறவே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்பது என் தொழில் வியாதி. அவர் இருக்கும் பட்டையின் அகலம் நெகட்டிவில் சுமார் ஒன்றேகால் மில்லிமீட்டர். சித்தப்பா ஆறு மீட்டர் தள்ளி நின்றிருந்தால் அது வாசலில் 14, 15 சென்டிமீட்டர். ஒரு சாணுக்கும் குறைவு.

எஃப்எம்2 கேமராவின் வியூஃபைண்டர் ஃபிலிமில் விழுவதில் 93 சதவீதத்தைத்தான் காட்டும். அந்தக் காலத்து கேமராக்களில் இது சகஜம். மிச்சம் ஏழு சதவீதத்தைப் பக்கத்துக்குப் பாதியாகப் பிரித்தால் அகலத்தில் ஓரத்துக்கு 1.26 மி.மீ. அதாவது சித்தப்பா கண்ணை வைத்துப் பார்த்தபோது அந்தப் பெண் அங்கே இல்லை. ஃபிலிமில் இருந்தார். பிறகு லேப். 36க்கு 24 என்பது மூன்றுக்கு இரண்டு. ஏழுக்கு ஐந்து அப்படியல்ல, கொஞ்சம் சதுரம். அந்தக் காகிதத்தில் அடங்க 36 மி.மீ.யை 33.6ஆக வெட்டியாக வேண்டும். பக்கத்துக்கு 1.2 மி.மீ. மறுபடியும் அதே பட்டை. போன வருடம் என் ஸ்கேனர்ச் சட்டமும் அதே பட்டையை மறைக்கப் பார்த்தது.

இதில் யாராவது அவரை வெட்ட வேண்டும் என்று நினைத்தார்களா? சித்தப்பாவிடம் கேட்டேன். “யாரு? அந்தப் பக்கம் யாருமே இல்லையேடா. எடுக்கறப்ப பாத்துத்தானே எடுத்தேன்,” என்றார். பாத்துத்தான் எடுத்திருக்கிறார். 93 சதவீதம் பாத்திருக்கிறார். வியூஃபைண்டரை வடிவமைத்த ஜப்பானிய எஞ்சினியருக்குக் கண்ணாடியின் எடையும் விலையும் மட்டும் கவலை. காகிதத்துக்கு அளவு வைத்தவர் செத்து எத்தனையோ காலம் ஆகியிருக்கும். லேப்காரருக்கு அன்றைக்கு இன்னும் நூறு படம் இருந்திருக்கும். ஒவ்வொருவரும் நியாயமான, யாரையும் குறிவைக்காத ஒரு முடிவை எடுத்திருக்கிறார்கள். ஆனால் எல்லா முடிவும் ஒரே ஆள் மேல் விழுந்திருக்கிறது.

என் வேலையில் இது பழகிய விஷயம். பழைய கோடில் எங்காவது 0.93 என்றோ 1.2 என்றோ ஓர் எண் இருக்கும். எழுதியவர் கம்பெனியை விட்டுப் போய் ஆறு வருஷம் ஆகியிருக்கும். “தொடாதே, ஓடிக்கிட்டிருக்கு” என்பதுதான் அதற்கான ஒரே ஆவணம். ட்விட்டரில் 2020இல் நடந்தது இதன் பெரிய வடிவம். நீளப் படங்களை முன்னோட்டத்துக்காகத் தானே கிராப் பண்ணும் ஒரு நிரல் அவர்களிடம் இருந்தது. மனிதக் கண் எங்கே முதலில் போகும் என்று ஊகித்து அந்த இடத்தை வைத்துக்கொள்ளும். ஒரே படத்தில் மேலே ஒரு கறுப்பர் முகம், கீழே ஒரு வெள்ளையர் முகம் வைத்து மக்கள் சோதித்துப் பார்த்தார்கள். வெள்ளை முகமே அடிக்கடி தேர்வானது போலத் தெரிந்தது. 2021 மே மாதம் நிறுவனம் தன் ஆய்வை வெளியிட்டது: சமநிலையிலிருந்து வெள்ளையர் பக்கம் 4 சதவீதம், பெண்கள் பக்கம் 8 சதவீதம் சாய்வு. எப்படி வெட்டுவது என்பதை மனிதர்களே முடிவு செய்வது நல்லது என்று சொல்லி அந்தத் தானியங்கி வெட்டை எடுத்துவிட்டார்கள். அங்கேயும் கெட்ட எண்ணத்தோடு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. எண்ணமே தேவைப்படவில்லை.

யாரும் முடிவெடுக்காத ஒரு வெட்டுக்கு யார் பொறுப்பு? தத்துவ வகுப்பில் இதற்கு ஒரு முழு செமஸ்டர் ஒதுக்கலாம். எனக்குத் தோன்றும் பதில் எளிமையானது: அந்த எண் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்ட முதல் ஆள் பொறுப்பு. குற்றவாளி என்ற அர்த்தத்தில் இல்லை. குழாய் சொட்டுவதை முதலில் கேட்டவன் எழுந்துபோய் மூட வேண்டும் என்கிற அர்த்தத்தில்.

இங்கேயே நிறுத்தியிருந்தால் நல்ல கதைதான். தொழில்நுட்பம் வெட்டிய ஒரு பெண்ணை இன்னொரு தொழில்நுட்பம் மீட்டது. பெரிய சென்சார், நூறு சதவீத வியூஃபைண்டர், அகல லென்ஸ், எல்லோருக்கும் இடம். இந்தக் கதை எனக்கும் இரண்டு நாள் பிடித்துத்தான் இருந்தது. டம்ளர் பரிசோதனைதான் அதைக் கெடுத்தது.

சித்தப்பா அன்றைக்கு ஐம்பதைக் கழற்றிவிட்டு 28 எம்.எம். போட்டிருந்தால்? அதே ஆறு மீட்டரில் நாலே கால் மீட்டர் அகலத்துக்குப் பதிலாக ஏழே முக்கால் மீட்டர் உள்ளே வந்திருக்கும். சந்து முழுதும், அந்தப் பெண் முழுதாக, கூடையோடு. எங்கள் கூடத்தில் முப்பது வருஷம் அவரும் தொங்கியிருப்பார். ஆனால் திண்ணையின் கடைசியில் உட்கார்ந்திருக்கும் பெரியப்பாவுக்கும் அவருக்கும் நடுவில் ஓர் ஆள் நீளத்துக்கு வெறும் இடம் இருக்கிறதே, அது அப்படியேதான் இருந்திருக்கும். லென்ஸை மாற்றுவதால் இரண்டு பேருக்கு நடுவில் உள்ள இடம் குறையாது. அவர் திண்ணையிலும் இல்லை, வாசலிலும் இல்லை, சந்து முனையில் நிற்கிறார். கொல்லைக்குப் போகிற வழி அது. அதுதான் அவர் வரப்போக இருந்த வழி. அந்த ஆறு சாண் இடைவெளியை நிக்கான் வைக்கவில்லை.

இப்போது எழுத்திலும் சினிமாவிலும் ஆபீஸ் கூட்டங்களிலும் சட்டகத்தை விரிக்கச் சொல்லி நிறையப் பேசுகிறோம். விடுபட்டவர்களை உள்ளே கொண்டுவர வேண்டும் என்கிறோம். அதை நான் கிண்டல் பண்ணவில்லை. அந்த ஒன்றேகால் மில்லிமீட்டர் இல்லாவிட்டால் எனக்கு இந்தப் படத்தைப் பற்றி ஒன்றுமே தெரிந்திருக்காது. விரித்தால்தான் இடைவெளியே கண்ணில் படும். எங்கள் கூடத்துப் படத்தில் இடைவெளி இல்லை. அதனால்தான் அது அவ்வளவு அழகான, சந்தோஷமான படம். ஆனால் உள்ளே வருவது வேறு, பக்கத்தில் வருவது வேறு. முன்னதுக்கு அகலமான செவ்வகம் போதும். பின்னதுக்கு யாராவது இடத்தைவிட்டு எழுந்திருக்க வேண்டும். சென்சாரை மாற்றுவது செலவு பிடிக்கும் காரியம்தான். ஆனாலும் திண்ணையில் இருப்பவர்கள் எழுந்திருப்பதைவிட மலிவு. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொள்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது.

அம்மாவிடம் ஸ்கேனைக் காட்டினேன். போனை வாங்கி, இரண்டு விரலால் பெரிதாக்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தாள்.

“காத்தாயி. நம்ம மாட்டுக்கொட்டகையில இருந்துச்சுல்ல. உன்னைய அதுதான் இடுப்புல வெச்சுக்கிட்டு அலையும், ஞாபகமில்லையா?”

“மூணு வயசும்மா எனக்கு.”

“ஆமா.” இன்னும் பெரிதாக்கினாள். புள்ளிகள்தான் தெரிந்தன. “பொங்கச் சீர் வாங்க வந்திருக்கும்.”

“படத்துக்கு ஏன் கூப்பிடல?”

“யாரு கூப்பிடறது? திண்ணையில ஏறாது அது. ஏறுன்னு நாங்க சொன்னதுமில்ல.”

பிறகு, அப்பாயிக்குக் கடைசிக் காலத்தில் கை கால் வராமல் கிடந்தபோது கொல்லைப்பக்கமாக வந்து ரெண்டு வேளையும் குளிப்பாட்டியது காத்தாயிதான் என்று அம்மா சொன்னாள். நடு வீட்டுக்குள் வரவிட்டார்களா என்று கேட்டேன். அப்பாயியின் கட்டிலைத் தாழ்வாரத்துக்கு மாற்றிவிட்டார்களாம்.

எட்டுக்குப் பன்னிரண்டு என்பது சரியாக மூன்றுக்கு இரண்டு. அதில் போட்டால் எதையும் வெட்ட வேண்டியதில்லை. பென்டிரைவோடு எங்கள் ஏரியா ஸ்டுடியோவுக்குப் போனேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பையன் படத்தைத் திறந்ததும், “ஓரத்துல பாதி ஆளு நிக்கிறாங்கண்ணா, எடுத்துறவா?” என்றான். வேண்டாம் என்றேன்.

“ஃப்ரேம் மாட்டுவீங்களா? மாட்டினா சுத்தியும் கால் இஞ்சு மரத்துக்குள்ள போயிரும்ணா. அந்தம்மா தெரிய மாட்டாங்க.”

நெகட்டிவில் ஒன்றேகால் மி.மீ. என்றால் பன்னிரண்டு இஞ்சில் அரை இஞ்சுக்கும் குறைவு. கால் இஞ்சு மரத்துக்குள் போனால் அந்தக் கண் போய்விடும். சுற்றிலும் அரை இஞ்சு வெள்ளை விட்டுப் பெரிய தாளில் அடிக்கச் சொன்னேன். எண்பது ரூபாய் கூட ஆகும் என்றான்.